அல்சூர் வழியாக ஹங்கேரி

2022 ஜூன் 14 இரவு, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஹாங்காங்குக்கு எதிராக சுனில் சேத்ரி ஒரு கோல் அடித்தார். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று ஆட்டம். இந்தியா 4-0 என்று வென்றது. மறுநாள் செய்திகளில் சேத்ரியின் பெயருக்குப் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டிராத ஒரு பெயர் இருந்தது: ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ். ஹங்கேரிக்காரர். நாட்டுக்காக அடித்த கோல்களில் இருவருக்கும் 84. மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் ஜெர்சியில் போட்டுக்கொண்டு திரியும் பையன்கள் அன்றைக்குத்தான் அந்தப் பெயரைக் கூகுளில் தேடியிருப்பார்கள்.

சேத்ரி 2013 முதல் பெங்களூரு எஃப்சியின் முகம். பெங்களூரோ, தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடிவரும் ஊர். உலகம் கண்ட மிகப் பெரிய கோல் வேட்டைக்காரர்களில் ஒருவரான புஷ்காஷுக்கு இந்த ஊரில் ஏதாவது தடம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில்தான் சென்னையில் ரயில் ஏறினேன்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவது நல்லது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தது இங்கேதான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1809இல், அல்சூர் ஏரிப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம் பாளையம் இறங்கிவிட்டது. பட்டாளத்துக்குச் சமைக்க, கட்ட, துவைக்க, வண்டியோட்ட வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள் மாலையில் பந்தை உதைத்தார்கள். ஓரமாக நின்று பார்த்த நம்மாட்களும் உதைக்கத் தொடங்கினார்கள். பெங்களூர்க் கால்பந்தின் பிறப்புக் கதை அவ்வளவுதான். இன்றும் அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம் என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் தமிழும் பந்தும் ஒன்றாகக் காதில் விழும்.

முதலில் கண்டீரவா மைதானம். கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி மரநிழலில் நடந்தால் போதும். தடகள ஓடுபாதை சுற்றி ஓடுவதால் புல்தரை பார்வையாளரிடமிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தைச் சத்தத்தால் நிரப்புவது மேற்குப் பக்கக் கூட்டம். வெஸ்ட் பிளாக் புளூஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, நீலச் சட்டையில், தொண்ணூறு நிமிடமும் உட்காராமல் பாடும் பெங்களூரு எஃப்சி ரசிகர் படை.

சேத்ரி இந்த மண்ணில் தன் கணக்கைப் பெருக்கிக்கொண்டதும் நினைவிருக்கும். 2023 ஜூன் 21, தெற்காசியக் கோப்பை. மழையில் பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல். அத்தோடு அவர் கணக்கு 90. அந்தத் தொடரின் இறுதியாட்டமும் இங்கேதான்; குவைத்தோடு 1-1 என்று முடிந்து, பெனால்டியில் 5-4 என்று இந்தியா கோப்பையைத் தூக்கியது. அன்று தேதி ஜூலை 4. புஷ்காஷின் வாழ்க்கையிலேயே மிகவும் கசந்த நாளும் ஒரு ஜூலை 4தான். அந்தக் கதைக்கு வருகிறேன்.

84 என்ற எண்ணை இருவரும் எட்டிய விதம் வேறு. சேத்ரிக்கு 129 ஆட்டங்கள் தேவைப்பட்டன. புஷ்காஷுக்கு 85. இதை வைத்துச் சேத்ரியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை; அவர் பக்கத்தில் நின்று ஆடியவர்கள் யார், புஷ்காஷ் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று பார்த்தாலே நியாயம் விளங்கும். ஆனாலும் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல் என்ற விகிதத்தைப் பதினோரு ஆண்டுகள் விடாமல் வைத்திருந்த மனிதர் சாதாரணமானவர் அல்ல.

புஷ்காஷ் 1927இல் புடாபெஸ்டில் பிறந்தார். கிஷ்பெஷ்ட் என்ற உழைப்பாளர் பகுதியில், துணிப் பந்தை உதைத்து வளர்ந்தவர். குள்ளம், தொப்பை விழும் உடம்பு, தலையால் முட்டும் பழக்கம் குறைவு, வலது கால் பேருக்குத்தான். இடது கால் ஒன்று போதுமாக இருந்தது. கிஷ்பெஷ்ட் கிளப்பை ராணுவம் எடுத்துக்கொண்டு ஹொன்வேத் என்று பெயர் மாற்றியது. ஆட்டக்காரர்களுக்குப் பட்டாளப் பதவி கொடுத்தது. அதனால் அவரைப் பாயும் மேஜர் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. அவர் தலைமையில் ஹங்கேரி 1950 கோடையிலிருந்து நான்கு ஆண்டுகள் யாரிடமும் தோற்கவில்லை. 1953 நவம்பர் 25 அன்று லண்டன் வெம்பிளியில், சொந்த மண்ணில் ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் தோற்றதில்லை என்ற பெருமையோடு இருந்த இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது. பில்லி ரைட் வழுக்கி வந்து பந்தைப் பறிக்கப் பார்த்தபோது, புஷ்காஷ் அடிக்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். ரைட் வெறும் புல்லில் போய் விழ, பந்து வலையில் போய் விழுந்தது.

பிறகு 1954 உலகக் கோப்பை. தொடக்கச் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று துவைத்த அதே ஆட்டத்தில் புஷ்காஷின் கணுக்கால் அடிபட்டது. இறுதியாட்டத்தில் மறுபடி அதே ஜெர்மனி. 1954 ஜூலை 4, பெர்ன் நகரம், விடாத மழை. ஆறாத காலோடு இறங்கிய புஷ்காஷ் ஆறாவது நிமிடத்தில் கோல் போட்டார். எட்டு நிமிடத்துக்குள் 2-0. ஆனால் முடிவு 2-3. கடைசியில் புஷ்காஷ் பந்தை மீண்டும் வலைக்குள் தள்ளினார். ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரே தோல்வி, அதுவும் தோற்கக் கூடாத நாளில்.

கண்டீரவாவிலிருந்து அசோக் நகர்ப் பக்கம் போனால் பெங்களூர் கால்பந்து மைதானம். இப்போது செயற்கைப் புல் விரித்த சிறிய அரங்கம். பெங்களூரு எஃப்சி தன் முதல் ஆண்டில் இங்கே ஆடித்தான் 2013-14 ஐ-லீக்கை வென்றது. எனக்கு இந்த வட்டாரம் முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய காலத்துக்காக. இந்த மைதானம் இல்லாத காலத்திலேயே இந்த ஊர்ப் பையன்கள் நாட்டை அளந்தவர்கள். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை வெள்ளைப் பட்டாள அணிகளே வைத்துக்கொண்டிருந்தபோது, 1937இல் அதைப் பறித்த முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் விடவில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் அணி பிரான்ஸை எதிர்கொண்டது. பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். 1-2 என்று தோற்றாலும், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான எஸ். ராமன். சாரங்கபாணி ராமன் என்பது முழுப்பெயர். அதே அணியில் பெங்களூரின் அகமது கானும் தன்ராஜும் இருந்தார்கள். கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ‘பஞ்ச பாண்டவர்’ முன்கள வரிசையிலும் இந்த இருவர் உண்டு.

நான்கு ஆண்டு கழித்து, ஹெல்சிங்கி. குளிரில் வெறுங்காலோடு இறங்கிய இந்தியாவை யூகோஸ்லாவியா 10-1 என்று நசுக்கியது. இந்தியாவின் அந்த ஒற்றைக் கோல் அகமது கானுடையது. அடித்த யூகோஸ்லாவியா இறுதியாட்டம் வரை போனது. அங்கே அவர்களை 2-0 என்று வீழ்த்தித் தங்கம் வென்ற அணி ஹங்கேரி. முதல் கோல் புஷ்காஷ். பெங்களூர்க் கால்கள் ஹங்கேரியின் அருகே வந்த முதல் தருணம் இது என்று சொல்லலாம். ஒரே போட்டி, நடுவில் ஒரு எதிராளி.

அந்தப் பத்துக் கோல் அடி இரண்டு காரியம் செய்தது. பூட்ஸ் கட்டாயமானது. இந்திய அணியின் பயிற்சியாளர், ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், ஹங்கேரியர்கள் ஆடும் முறையைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினார். அதுவரை சென்டர் ஃபார்வர்டு என்றால் எதிர்க் கோல்முகத்தில் போய் நிற்பவன். ஹங்கேரியின் நாந்தோர் ஹிதெக்குட்டி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுக்களத்துக்கு இறங்கி வந்துவிடுவார். அவரைக் காவல் காக்க வேண்டிய தடுப்பாட்டக்காரர் கூடவே போவதா, தன் இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் தவிப்பார். போனால் அவர் விட்டுவந்த ஓட்டைக்குள் புஷ்காஷ் புகுந்துவிடுவார். நின்றால் ஹிதெக்குட்டியே பந்தைக் கொண்டுபோய் அடித்துவிடுவார். வெம்பிளியில் ஹிதெக்குட்டிக்கு மூன்று கோல், புஷ்காஷுக்கு இரண்டு.

ரஹீம் இந்த வித்தையை இந்திய உடம்புக்குத் தைத்துக்கொண்டார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தலைவர் சமர் பானர்ஜியைப் பின்னுக்கு இழுத்து, நெவில் டிசோசாவை முன்னே விட்டார். அந்த அணியின் நடுக்களத்தில் ஓடியவர்களில் பெங்களூரின் கெம்பையாவும் ஒருவர். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் டிசோசா மூன்று கோல் அடித்தார். இந்தியா அரையிறுதி வரை போய் நான்காம் இடம் பெற்றது.

அந்த மெல்போர்ன் பயணத்தின் முதல் சுற்றில் இந்தியா மோத வேண்டிய அணி எது தெரியுமா? ஹங்கேரி. 1956 அக்டோபரில் புடாபெஸ்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்தன. ஹங்கேரியின் கால்பந்து அணி ஒலிம்பிக்கிலிருந்து விலகிவிட, இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. அதே வாரங்களில் ஹொன்வேத் கிளப்போடு வெளிநாட்டில் இருந்த புஷ்காஷ் ஊர் திரும்ப மறுத்தார். அவருடைய 84 அங்கேயே நின்றது. ஹங்கேரிச் சட்டையில் அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. கெம்பையாவுக்கு அரையிறுதிக் கதவைத் திறந்த நிகழ்ச்சியே புஷ்காஷுக்குத் தாய்நாட்டுக் கதவை அடைத்தது.

அசோக் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து அல்சூருக்குப் போகும்போது, வழியெல்லாம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் நீண்ட மதில்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று ஊர் சொல்லும் இந்தப் படையின் அணியும் பெங்களூர் லீக்கில் பெயர் வாங்கியதுதான். எச்ஏஎல், ஐடிஐ போன்ற அரசு ஆலைகளும் அப்படியே. பந்து நன்றாக ஆடினால் ஆலையில் வேலை என்பது இந்தச் சந்துகளில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட வழி.

கௌதமபுரத்துக்கு ‘மினி பிரேசில்’ என்று பெயர். உலகக் கோப்பை வந்தால் தெருவெல்லாம் மஞ்சளும் பச்சையும். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா இவர்களோடு இங்கே சிலையாக நிற்கும் நான்காமவர் பீலே. 2022 டிசம்பரில் பீலே இறந்தபோது இந்தத் தெரு துக்கம் கொண்டாடியது, சொந்த வீட்டுப் பெரியவர் போனதுபோல.

சிலைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆலை ஒன்றின் அணியில் ஆடி ஓய்வு பெற்றவர். முழங்காலில் பழைய தையல் தழும்பு.

“இன்னா தம்பி, மெட்ராஸா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. இங்க எல்லாருக்கும் பீலேதானா? புஷ்காஷ்னு ஒருத்தரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“கேட்டிருக்கேன். எங்க கோச்சு சொல்வாரு, லெஃப்ட் லெக்குன்னா அவன்தான்னு. ஆனா நான் பாத்தது இல்ல தம்பி. பீலேவைப் பாத்திருக்கோம். கொல்கத்தாவுக்கே வந்தாரே. டிவி வந்தப்புறம் பிரேசில் ஆட்டம் பாத்தோம். கண்ணால பாத்தவனுக்குத்தானே செல வெப்பாங்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. 1977இல் பீலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் மோகன் பகானுக்கு எதிராக ஆடினார். எண்பதுகளில் தூர்தர்ஷன் உலகக் கோப்பையை நேரடியாகக் காட்டியது. புஷ்காஷின் நல்ல காலமோ வானொலிக்கும் செய்திச் சுருளுக்கும் உரியது. கறுப்புத் தோலில் ஒருவன் உலகத்தின் ராஜாவாக நிற்பது அம்பேத்கர் படத்தை மாட்டிவைத்திருக்கும் தெருவுக்கு என்ன சொல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பீலே இங்கே வெறும் ஆட்டக்காரர் இல்லை. வந்தவாசியில் பிறந்து பெங்களூரில் ஆடி, கொல்கத்தாவில் கொடிகட்டிய பூங்கம் கண்ணனை ‘ஆசியப் பீலே’ என்றார்கள். இந்தத் தெருவில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை.

ஆனால் பீலேவின் பிரேசிலுக்குள்ளும் ஹங்கேரி இருக்கிறது. 1937இல் ஃப்ளமெங்கோ கிளப்புக்குப் பயிற்சி தரப் போனவர் ஹங்கேரியரான டோரி கிர்ஷ்னர். 1957இல் சாவோ பாலோ கிளப்பைச் சாம்பியனாக்கியவர் பேலா குட்மன், அவரும் ஹங்கேரியர். அடுத்த ஆண்டு பதினேழு வயதுப் பீலேவோடு பிரேசில் உலகக் கோப்பையைத் தூக்கியபோது ஆடிய 4-2-4 அமைப்பில் அவருக்கும் பங்குண்டு என்று கால்பந்து வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

புஷ்காஷும் அதோடு முடிந்துவிடவில்லை. ஊர் திரும்ப மறுத்ததற்காக விதித்த தடைக் காலத்தில் உடம்பு பெருத்து, முப்பத்தொரு வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தபோது பலர் சிரித்தார்கள். அவரோ ஸ்பெயின் லீக்கில் நான்கு முறை அதிகக் கோல் அடித்தவர் ஆனார். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், கிளாஸ்கோ. ஃபிராங்க்ஃபர்ட்டை ரியல் 7-3 என்று வென்றதில் நான்கு கோல் அவருடையது. பயிற்சியாளராகி, கிரீஸின் பனாத்தினைக்கோஸை 1971இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். மெல்போர்னிலும் பயிற்சி கொடுத்தார். 2006இல் இறந்தபோது புடாபெஸ்ட் புனித இஸ்துவான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2009 முதல் ஆண்டின் அழகான கோலுக்கு ஃபிஃபா தரும் விருதுக்கு அவர் பெயர்தான். இந்தத் தெருப் பையன்களுக்குப் ‘புஷ்காஷ் அவார்டு’ தெரிந்திருக்கிறது. புஷ்காஷ் ஒரு மனிதர் என்பதுதான் புதுச் செய்தி.

மாலையில் பக்கத்துத் திடலில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களுக்குப் பயிற்சி நடந்தது. பெரியவரும் கூட வந்தார். இளம் பயிற்சியாளர் ஒன்பதாம் எண் போட்ட பையனைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார்: “மேல நிக்காதடா! கீழ எறங்கு, பாலை வாங்கித் திரும்பு!” பையன் இறங்கினான். காவல் நின்றவன் குழம்பி அவன் பின்னால் போனான். காலியான இடத்தில் இடதுபக்கத்துப் பையன் பாய்ந்து ஓடினான். கோல்.

இடைவேளையில் பயிற்சியாளரிடம் கேட்டேன். “ஃபால்ஸ் நைன் சார். பார்சிலோனால மெஸ்ஸி ஆடுவாருல்ல, அது. யூடியூப்ல பாத்துக் கத்துக்கிட்டேன்” என்றார். ஹிதெக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். 1953 வெம்பிளியைச் சொன்னேன். ரஹீம் அதை 1956இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்ததையும், அந்த அணியில் இந்த ஊர்க் கெம்பையா இருந்ததையும் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பைவிட எரிச்சல்தான் முதலில் தெரிந்தது. “இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே சார்.”

பெரியவர் குறுக்கிட்டார். “கெம்பையாவை நான் பாத்திருக்கேன்பா. அவருகிட்ட யாரு போயிக் கேட்டா?”

புஷ்காஷின் தடத்தைத் தேடி வந்தவனுக்கு அந்தக் கேள்வியில்தான் பதில் கிடைத்தது. புகழ் கேமராவோடு போகிறது. ஆட்டம் காலிலிருந்து காலுக்குப் போகிறது. கேமராவுக்கு முந்திய காலத்தில் ஆடியதால் பெங்களூர் புஷ்காஷை மறந்ததென்றால், அது பெரிய குற்றமில்லை. அவரை நினைக்க புடாபெஸ்ட் இருக்கிறது. ராமனை, அகமது கானை, கெம்பையாவை, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகத்தை நினைக்க இந்த ஊரை விட்டால் வேறு ஊர் ஏது? ஹங்கேரி தந்த ஆட்டம் இந்தச் சந்துகளுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை ரஹீம் வழியாக, நம் ஆட்களின் கால்களில். இரண்டாம் முறை பார்சிலோனா வழியாக, கைபேசித் திரையில். நடுவில் அறுபது ஆண்டு. சொல்லித்தர ஆள் இருந்தும் கேட்க ஆள் இல்லாமல் போன அறுபது ஆண்டு.

இதன் விலை என்ன என்பதற்கும் ஒரு ஹங்கேரி ஆட்டமே கணக்குச் சொல்லும். 1960 ஆகஸ்ட் 26, ரோம் ஒலிம்பிக், லாக்வில்லா நகரம். இந்தியா ஒருவழியாக ஹங்கேரியை நேருக்கு நேர் சந்தித்தது. ஹங்கேரிக்கு ஒரு கோல் அடித்தவர் ஃப்ளோரியான் ஆல்பர்ட். ஏழு ஆண்டு கழித்து ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். இந்தியாவுக்குத் துளசிதாஸ் பலராம் ஒன்று திருப்பிக் கொடுத்தார். 1-2. அந்த ஹங்கேரி வெண்கலம் வென்றது. கெம்பையா அந்த அணியிலும் இருந்தார். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் அடுத்த ஆட்டம் ஒன்றில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்தார். உலகின் முன்னணி அணியொன்றோடு ஒரு கோல் வித்தியாசத்தில் நின்ற அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகு, இந்தியா இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. புஷ்காஷின் 84ஐச் சேத்ரி தனியாளாகத் தாண்டிவிட்டார். கெம்பையாவின் அணி நின்ற இடத்தைத் தாண்டுவதற்குப் பதினோரு பேர் வேண்டும். அவர்களுக்குச் சொல்லித்தர, முன்பு ஆடியவர்களின் கதையும் வேண்டும்.